வண்டிக்கு மேல் கை மாற்றிய வாரம்

1

எங்கள் வீட்டில் பிறந்தநாள்கள் மறந்துபோகும். கல்யாண நாளும் மறந்துபோகும். பெர்த்தில் வந்து இறங்கிய நாள் மட்டும் மறக்காது. ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு என் கணவர் ஏழுமலை வண்டியை எடுப்பார். நான் புளிச்சோறு கட்டிக்கொள்வேன். நகரத்தை விட்டுக் கிழக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவே கோடு கிழித்த மாதிரி ஓடும் சாலையில் வெகுதூரம் போனால் பாறைகள் வரும். அவற்றின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அவ்வளவுதான் எங்கள் கொண்டாட்டம்.

செஞ்சியில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் பச்சை நிறம் நினைவுக்கு வராது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த உருண்டைக் கற்கள்தான் எங்களுக்கு மலை; எங்கள் ராஜகிரிக் கோட்டை மலையே அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் இந்த மூலையில் அதே மாதிரிக் கற்கள் கிடக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. முதன்முறை கண்டபோது இவர் சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்.

"இன்னா வசந்தி இது, ராஜகிரியில மீந்த கல்ல எல்லாம் இங்க கொண்ணாந்து கொட்டிட்டானுங்க."

அந்தப் பாறைகளின் அடிவாரத்துக்குப் போகிற தடம் மணலும் குழியுமாக இருக்கும். சாதாரணக் காருக்கு வயிறு தட்டும். அதற்காகவே இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தொட்டியும் உள்ள பெரிய வண்டி ஒன்றை வாங்கினார். இங்கே அதை 'யூட்' என்பார்கள். வாங்கியதோடு விடவில்லை. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றி, வண்டியைத் தரையிலிருந்து இன்னும் மேலே தூக்கினார். நான் ஏறுவதற்குப் பக்கவாட்டில் ஒரு படியும் வைத்துக் கொடுத்தார்.

இந்த வருடம் அந்த நாள் சனிக்கிழமையில் வந்தது. காலையிலேயே குளித்து, சட்டை மாற்றி, ஷூ போட்டுக்கொண்டு முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். வண்டி எதிரே கொட்டகையில் நின்றது. நான் புளி கரைக்கவில்லை. உப்புமா கிண்டினேன். இரண்டு பேரும் அந்த நாளை அறியாதவர்கள் மாதிரி இருந்தோம்.

மதியம் கூரியர்காரர் ஒரு நீளமான பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கனம் தாங்காமல் மூலை கிழிந்திருந்தது. இவர் அதைச் சமையல் மேசைமேல் வைத்துப் பிரித்தார். கறுப்புப் பெயிண்ட் அடித்த இரண்டு வளைந்த இரும்புகள். சைக்கிள் கைப்பிடியை யாரோ முரட்டுத்தனமாகச் செய்தது போல இருந்தன.

"இன்னா இது?"

"மேல் கை. வண்டிக்கு."

"ஓட்டாத வண்டிக்கா?"

அவர் ஒரு கையை எடுத்து, அதன் முனையில் இருந்த மூட்டைக் கட்டைவிரலால் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலும் தானாக அசைந்துகொண்டிருந்தது.

2

இவருக்கு நடுக்குவாதம். ஆங்கிலத்தில் பார்க்கின்சன் என்கிறார்கள். முதலில் வலது கை மட்டும் ஆடியது. தேநீர்க் கோப்பை தட்டில் கடகடவென்று சத்தம் போடும்போது நான் குளிர் என்று நினைத்தேன். இரும்புச் சுரங்கத்தில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீடு என்று விமானத்தில் போய்வந்தவர். அங்கே இவர் பெயர் 'செவன்'. ஏழுமலை என்றால் என்ன பொருள் என்று கேட்டவர்களிடம் விளக்கப் போய், மலை உதிர்ந்து ஏழு மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் செவனுக்கு விருந்து வைத்து, கடிகாரம் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலை போனதை அவர் தாங்கிக்கொண்டார். வண்டி இருந்ததே.

எங்களுக்கு ஒரே பெண், கயல்விழி. இங்குள்ளவர்களுக்கு அவள் 'கே'. மூன்று வயதில் கூட்டிவந்தோம். இங்கேயே படித்து, இங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் குடியிருக்கிறாள். அவளுடைய பெண் ஆதிராவுக்கு நான்கு வயது. ஒருநாள் கயலும் குழந்தையும் பின்சீட்டில் இருக்க, இவர் ஓட்டிக்கொண்டு போனார். ரவுண்டானாவுக்கு நடுவில் கால் மரத்துப்போய் வண்டி நின்றுவிட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, ஒதுங்கிப் போனது. கயல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

இங்கே சட்டப்படி இப்படி ஒரு நோய் வந்தால் ஓட்டுநரே உரிம அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். இவர் சொல்லவில்லை. கயல் சொல்லிவிட்டாள். பிறகு டாக்டர் நிரப்ப வேண்டிய படிவம், கண் பரிசோதனை, பக்கத்தில் ஆள் உட்கார்ந்து ஓட்டவைத்துப் பார்க்கும் சோதனை என்று வரிசையாக வந்தன. டாக்டர் இவரிடம், "உங்கள் கைகளில் ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்டார். இவர் ஆங்கிலத்தில், "மேல் கை இரண்டும் சரியில்லை, புதிதாக வாங்கப் போகிறேன்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அது மொழிப் பிழையா, நோய் மூளையைத் தொட்டுவிட்டதா, இல்லை டாக்டரிடம் விளையாடினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

உரிமத்தை ஒப்படைக்கப் போன இடத்தில் அடையாள அட்டை கேட்டார்கள். இவர் உரிமத்தையே நீட்டினார். கவுண்டரில் இருந்த பெண் அதை வாங்கி, கணினியில் தட்டி, ஒரு மூலையை வெட்டினாள். பிறகு, "இது இப்போது ரத்தாகிவிட்டது, வேறு அடையாளம் இருக்கிறதா மிஸ்டர் கோவிந்தசாமி?" என்றாள். கோவிந்தசாமி என் மாமனார். நம் ஊர் முறையில் அப்பா பெயரைப் பின்னால் எழுதி வந்ததால், இந்த நாட்டுக் காகிதங்களில் எல்லாம் இவர் தம் தகப்பனாராகவே வாழ்கிறார். வாழ்நாளில் சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியிராத என் மாமனார்தான் அன்றைக்கு உரிமத்தை இழந்தார்.

தெரிவித்தது தான்தான் என்பதைக் கயல் மறைக்கவில்லை. நேரில் வந்து, எதிரே உட்கார்ந்து, ஆங்கிலத்தில் சொன்னாள். "டாட், ஆதிரா பின்னால் இருந்தாள்" என்று இரண்டு முறை சொன்னாள். இவர் "சரி" என்றார். எழுந்து கொட்டகைக்குப் போனார். அதற்குப் பிறகு மகளோடு பேசவில்லை. அவள் போன் செய்தால் எடுத்து என்னிடம் நீட்டிவிடுவார். கோபமாக நீட்டினாலாவது ஏதாவது சொல்லலாம். பத்திரமாக, இரண்டு கையாலும் பிடித்து நீட்டுவார்.

3

நான் வண்டி ஓட்டத் தெரியாதவள். இங்கே வந்த புதிதில் இரண்டு முறை தேர்வு எழுதி, இரண்டு முறையும் சோதனை ஓட்டத்தில் தோற்றேன். இவர் இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன். இப்போது முதியோர் இல்லச் சமையலறை வேலைக்கு விடிகாலையில் பஸ் பிடித்துப் போகிறேன். அங்கே மென்று விழுங்க முடியாதவர்களுக்குக் காய்கறியை மசித்துக் கொடுப்பது என் வேலை. மசிக்கும்போதெல்லாம் வீட்டில் தனியாக இருப்பவரை நினைத்துக்கொள்வேன். நான் இல்லாதபோது சாவியை எடுத்துவிட்டால்? புதுக் கை போட்டுவிட்டால் ஒருதரம் ஓட்டிப் பார்க்காமல் இருப்பாரா?

இந்தக் கைகள் எதற்கு என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் டார்ச் பிடித்திருக்கிறேன். முன்சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு பிடித்துக்கொண்டிருப்பவை மேலே ஒரு கை, கீழே ஒரு கை. கையின் முனையில் தோள்பட்டை மாதிரி ஒரு குண்டு மூட்டு. வண்டியை உயர்த்தும்போது சக்கரம் கீழே தொங்கிப்போகும். பழைய மேல் கை அந்த உயரத்துக்குச் செய்யப்பட்டதில்லை. மூட்டு தன்னால் முடிந்த மட்டும் மடங்கி நிற்கும். பெரிய பள்ளத்தில் இறங்கினால் கை போய் ஸ்பிரிங்கில் இடிக்கும், ஸ்டியரிங் ஒரு நிலையில் நிற்காமல் அலையும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று இவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். நாம்தானே ஓட்டுகிறோம் என்று தள்ளிப்போட்டார். ஓட்டிய காலமெல்லாம் மாற்றாததை ஓட்டக்கூடாது என்றான பிறகு மாற்றுகிறாரே என்றுதான் எனக்குப் பயம்.

இவரை அதட்டக்கூடிய ஒரே ஆள் இவருடைய அண்ணன் தணிகாசலம். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சோடா, மோர் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். வேலை இடைவேளையில் அவரைக் கூப்பிட்டேன். பின்னால் கண்டக்டர் ஒருவர் மேல்மலையனூர், மேல்மலையனூர் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு அமாவாசை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சொல்லும்மா. சாப்டியா? அங்க மணி இன்னா?"

"சாப்ட்டேன் மாமா. அவரு வண்டிக்கு புதுசா கை வாங்கி வெச்சிருக்காரு. ஓட்டக்கூடாதுன்னு கவர்மென்ட்டே சொல்லிட்டுது. எனக்கு பயமா இருக்குது. நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"



"உங்கிட்ட சொல்லலயாம்மா அவன்?"

"இன்னாது?"

"வண்டிய விக்கப்போறான். போன வாரமே எங்கிட்ட சொல்லிட்டான். 'இப்டியே வித்தா பாவம்ணா, கைய மாத்திட்டுதான் விப்பேன்'னான். நான் இன்னா சொல்றது? நல்லா இர்றான்னு சொன்னேன்."

போனை வைத்துவிட்டேன். கேரட் வெந்துகொண்டிருந்தது. இவர் வண்டியை ஓட்டிவிடுவாரோ என்று பயந்தவள், விற்கப்போகிறார் என்று கேட்டதும் நிம்மதியடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. கடல் தாண்டி அண்ணனிடம் சொல்லத் தோன்றியிருக்கிறது. ஒரே வீட்டில் இருக்கும் என்னிடம் தோன்றவில்லை.

'இப்படியே வித்தா பாவம்' என்று இவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் தணிகாசலம் மாமா ஒரு பழைய வேன் வாங்கினார். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் சனம் திரளும். பஸ் போதாது. செஞ்சிக்கும் கோயிலுக்கும் வேன் ஓட்டினால் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்கு. வேன் பார்க்க நன்றாக இருந்தது. என் நைனா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். சம்பந்தி வீட்டு வேன் என்று அவரே வந்து தேங்காய் உடைத்தார். இவர்தான் கிளீனர், மாமா டிரைவர்.

ஒரு அமாவாசை மதியம், கூட்டத்தை ஏற்றிவர மாமா காலி வேனோடு கிளம்பினார். இவருக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தார். வளத்தி ஊர் தாண்டி ஒரு திருப்பத்தில் முன்சக்கரம் உள்பக்கமாக மடிந்து விழுந்தது. வேன் புளியமரத்தில் போய் நின்றது. மாமாவின் வலது கால் முட்டிக்குக் கீழே இல்லாமல் போயிற்று. வேனைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினார். குண்டு மூட்டு என்றைக்கோ தேய்ந்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அதன்மேல் கிரீஸை அப்பி, புது ரப்பர் உறை போட்டு மூடி விற்றிருக்கிறார்கள்.

விற்றவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு பை நிறையச் சாத்துக்குடி. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தெரிந்து செய்தேன் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. என் மாமியார் இவரை அனுப்பி அவருக்கு டீ வாங்கிவரச் சொன்னார். இவர் வாங்கி வந்து கொடுத்தார். அந்த டீயைக் கொடுத்ததைப் பற்றி இவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறார். "குடிச்சிட்டு கிளாஸ எங்கையில குடுத்தான் வசந்தி. நானும் வாங்கிக்கினேன்" என்றார்.

4

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. எழுந்து வந்தபோது வண்டியின் முன்பக்கம் ஜாக்கியில் ஏறி, இரண்டு இரும்புத் தாங்கிகள்மேல் நின்றுகொண்டிருந்தது. இவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரத்தில் கை ஓரளவு அடங்கும். பிறகு சில மணி நேரம் வேலை செய்யலாம். அந்த நேரத்துக்காகக் காத்திருந்தார்.

நான் பழைய நைட்டிமேல் அவருடைய சுரங்கச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"மாமாகிட்ட பேசினேன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "சொல்லிட்டாரா?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா நீ அழுவ. நீ அழுதா நான் விக்க மாட்டேன்." ஸ்பேனரைத் துடைத்தார். "ஒரு ஆளால முடியாது இந்த வேல. டார்ச் வேணாம், வெளிச்சம் இருக்குது. அந்தக் கம்பிய புடி."

சக்கரத்துக்குப் போகும் மெல்லிய வயரையும் பிரேக் குழாயையும் கையிலிருந்து விடுவித்தோம். அச்சு கீழே விழுந்து குழாயை இழுக்காமல் இருக்க, கயிற்றால் மேலே கட்டினோம். மூட்டின் நட்டைத் தளர்த்திவிட்டுச் சுத்தியலால் பக்கவாட்டில் அடிக்கச் சொன்னார். நான் தட்டினேன்.

"பூரி தட்டறியா? அடி."

அடித்தேன். மூன்றாவதோ நான்காவதோ அடியில் டொக்கென்று கழன்றது. இவர் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு மலர்ச்சி. பழைய கையை உருவி எடுத்து, அதன் மூட்டை என் உள்ளங்கையில் வைத்து அசைக்கச் சொன்னார். ஆடியது. தளர்ந்த பல் மாதிரி ஆடியது. நாங்கள் இதன்மேல் உட்கார்ந்துதான் பாறை பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம்.

புதுக் கையைப் பொருத்தும்போது நேரமாகிவிட்டது. நட்டு இறுகியதும் அதன் குறுக்கே ஒரு சின்ன ஊசியைச் செருகி, நுனிகளை மடக்க வேண்டும். நட்டு தானாகக் கழலாமல் காப்பது அந்த ஊசிதான். இவர் அதை எடுத்துத் துளைக்கு நேராகக் கொண்டுபோனார். ஊசி துளையின் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் தட்டியது. மறுபடி முயன்றார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முயன்றார். ஊசி கீழே விழுந்து உருண்டது. குனிந்து தேடினேன். தேடி முடித்தும் கொஞ்ச நேரம் தேடுகிற மாதிரியே குனிந்திருந்தேன்.

"வசந்தி."

"ம்."

"நீயே போடு."

போட்டேன். ஒரே முறையில் போய்விட்டது. போகாமல் கொஞ்சம் தடுமாறியிருக்கலாம் என்று தோன்றியது.

சட்டத்தோடு கையை இணைக்கும் பெரிய போல்ட்டை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது முழுதாக இறுக்கக்கூடாதாம். சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, அதன் கனம் முழுதும் தரையில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும். சக்கர வளைவுக்குள் தோள்வரை கையை விட்டு, நீளமான ஸ்பேனரை நான்தான் இழுத்தேன். அளவு வந்ததும் அது 'டக்' என்று சொல்லும். அந்தச் சத்தம் வரும்வரை விடக்கூடாது என்றார். என் பலம் போதவில்லை. அவர் தம் கையை என் கைமேல் வைத்து அழுத்தினார். அவர் நடுக்கம் என் எலும்புக்குள் வந்தது. சத்தம் வந்தது.

நடுவில் கயல் போன் செய்தாள். கிரீஸ் கையோடு ஸ்பீக்கரில் போட்டேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் சொல்லாதே என்று தலையை ஆட்டினார்.

"சும்மாதான் இருக்கோம்" என்றேன்.

"டாட் எப்படி இருக்கார்?"

அவர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து நட்டுகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். மகளின் குரல் ஓயும்வரை ஒரே நட்டைத் துடைத்தார்.

இரண்டாவது பக்கம் முடிவதற்குள் மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டது. மிச்சத்தை மறுநாள் முடித்தோம்.

5

கை மாற்றியதும் சக்கரங்களின் கோணத்தை இயந்திரத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதற்கு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். எங்களில் ஓட்டுகிறவர் யாரும் இல்லை. வண்டி தூக்கும் லாரியை வரவழைத்தோம். அதன் சாய்ந்த முதுகில் இரும்புக் கயிறு கட்டி எங்கள் வண்டியை இழுத்து ஏற்றினார்கள். நன்றாக ஓடக்கூடிய வண்டி பிணம் மாதிரி போனது. தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து, வண்டி பழுதாகிவிட்டதா என்று விசாரித்தார்கள். இவர் அவர்களிடம், "வண்டி நல்லா இருக்குது, டிரைவர்தான் பிரேக்டவுன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள்.

வாரக் கடைசியில் வாங்க ஒரு இளம் ஜோடி வந்தது. வடக்கே ஏதோ ஆட்டுப் பண்ணையில் வேலையாம். அந்தப் பெண் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தாள். பையனுக்கு வண்டியின் உயரம் பிடித்துவிட்டது. சுற்றிச்சுற்றிப் படம் எடுத்தான். இவர் அவனைக் கீழே குனிந்து பார்க்கவைத்தார். பழைய கையை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்து, மூட்டை ஆட்டச் சொன்னார். "நான் வருஷக்கணக்கா இப்படித்தான் ஓட்டினேன். தப்பு. இப்ப மாத்திட்டேன். இந்த போல்ட், இந்த நட்டு, கொஞ்ச தூரம் ஓட்டினதும் திரும்ப செக் பண்ணணும்" என்று தம் உடைந்த ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். தொட்ட இடத்தில் விரல் நிற்காமல் தாளம் போட்டது.

பையன், "நோ வொரீஸ், மேட்" என்றான். கவலை வேண்டாம் என்று இங்கே எல்லாவற்றுக்கும் சொல்கிற வார்த்தை.

இவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "நோ. ப்ளீஸ் வொரி" என்றார்.

பையன் சிரித்தான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தன் போனை எடுத்து, எந்த போல்ட் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் இவர் சாவியைக் கொடுத்தார். அவளிடம் கொடுத்தார்.

வண்டி தெருமுனை திரும்பும்போது பிரேக் விளக்கு ஒருமுறை எரிந்தது. இவர் நிற்கிற வாக்கிலேயே வலது பாதத்தை லேசாக அழுத்தினார். பிறகு துடைப்பத்தை எடுத்துவந்து, கொட்டகையில் வண்டி நின்ற இடத்து எண்ணெய்க் கறைமேல் மணல் தூவிப் பெருக்க ஆரம்பித்தார். நான் அழவில்லை. அழுதால் விற்க மாட்டேன் என்று அவர் சொன்னதற்காக, விற்றுமுடியும்வரை அழாமல் இருந்தேன். அதற்குப் பிறகும் வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தணிகாசலம் மாமா வீடியோவில் வந்தார். கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கட்டைக் கால் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது.

"இன்னாடா, வித்துட்டியா?"

"வித்துட்டேண்ணா."

"எல்லாத்தையும் சொன்னியா?"

"சொன்னேன்."

"கேட்டுக்கினானா?"

"அந்தப் பொண்ணு கேட்டுக்கிச்சி."

"அப்ப சரி" என்றார் மாமா. செஞ்சியில் யாரோ மோர் கேட்டார்கள். மாமா போனை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு ஊற்றிக் கொடுக்கப் போனார். கொஞ்ச நேரம் எங்கள் சமையலறையில் அவருடைய கடையின் தகரக் கூரை மட்டும் தெரிந்தது.

6

மறுநாள் காலையில் இவர், "கயல் வீட்டுக்கு எந்த பஸ்ஸு?" என்று கேட்டார்.

எனக்கு அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. நான் சொல்வதற்குள் ஷூவை மாட்டிக்கொள்ளப் போய்விட்டார். ஷூக் கயிற்றை நான்தான் கட்டினேன்.

இந்த ஊரில் இத்தனை வருடத்தில் இவர் பஸ் ஏறியதில்லை. நிறுத்தத்தில் கைத்தடியோடு நிற்பதைப் பார்த்த டிரைவர் ஒரு பொத்தானை அழுத்தினார். பஸ் புஸ்ஸென்று காற்றை விட்டு எங்கள் பக்கமாகச் சாய்ந்து, படியை நடைபாதை அளவுக்குத் தாழ்த்தியது. வயதானவர்களுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் அப்படிச் செய்வார்கள். நான் தினமும் பார்ப்பதுதான். இவர் ஏறாமல் நின்றார்.

"எனக்காவ இறக்கறானா?"

"எல்லாருக்கும் இறக்குவாங்க. ஏறுங்க."

அவருக்குத் தெரியும், எல்லாருக்கும் இறக்க மாட்டார்கள் என்று. ஏறிக்கொண்டார். வழி முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பி, எதிரே வந்த உயரமான வண்டிகளின் முன்சக்கரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கயல் கதவைத் திறந்தாள். இவரைப் பார்த்ததும் கதவுப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். பஸ்ஸில் வந்தோம் என்று நான் சொன்னேன். வண்டியை விற்றுவிட்டோம் என்றும் சொன்னேன். அவள் எங்களைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

சாப்பாடு ஆயிற்று. ஆதிரா தாத்தாவின் கைமேல் தன் கையை வைத்து, அது ஆடுவதைப் பார்த்துச் சிரித்தாள். இவர் அவளுக்காக இன்னும் கொஞ்சம் ஆட்டினார். கயலிடம் ஒன்றும் சொல்லவில்லை. கயல் சோறு வைத்தபோது போதும் என்று கையைக் காட்டினார். அவளும் என்னோடுதான் பேசினாள். அவளுக்குத் தமிழ் புரியும். சாப்பாடு, தூக்கம், காய்ச்சல், கோபம் வரைக்கும் புரியும்.

கிளம்பும்போது கயல் தன் காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். வாசலில் கார் நின்றது. இவர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒருபக்கம் திரும்பி நின்ற முன்சக்கரத்துக்கு எதிரே நின்றார். குனிய முடியவில்லை. கைத்தடியால் டயரின் உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"உள்பக்கம் தேஞ்சிருக்குது. அலைன்மென்ட் பாக்கணும். கொழந்தைய வெச்சி ஓட்டற, பாத்துக்க."

மாதக்கணக்கில் மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு. கயல் அவர் முகத்தையும் தடி நின்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"அம்மா, என்ன சொல்றார்? தேஞ்சின்னா என்ன?"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டயரின் உட்புறம் தேய்ந்திருக்கிறதாம். வெளிப்பக்கத்தைப் பார்த்தால் தெரியாதாம்.

அவள் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் மண்டியிட்டாள். சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். இவர் ஆடுகிற கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அவள் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்.